சூதாட்டக் கணிதர் கார்டானோ

கிளிவெட்டி போன்ற வயற்கிராமங்களிலே முந்நூற்றுநான்கு ஆடுவோரை அருகிருந்து கவனித்தவர்க்கு ஓர் உண்மை புலப்படும். முதல் நான்கு சீட்டுகள் கைக்கு வந்ததுமே கேட்கத் தொடங்குவர். எஞ்சிய நான்கும் பின்னர்தான் வரும். பழகியவர் கையிலுள்ள நான்கை எண்ணிக் கேட்பார். புதியவரோ, இனி வரப்போகும் நான்கும் தமக்கு நல்லனவாகவே அமையும் என்று நம்பிக் கேட்டுவிடுவார். தோற்றபின் சீட்டையும் கூட்டாளியையும் நொந்துகொள்வார். காசு வைத்தாடும் போக்கர் என்னும் மேனாட்டுச் சீட்டாட்டத்திலும் புதியவர் செய்யும் முதற்பிழை இதுவே. இத்தகைய பிழைகளைக் கணிதத்தால் திருத்த முனைந்தோருள் முன்னோடி, பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த ஜிரோலாமோ கார்டானோ. அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தாமே செய்து பார்த்தவரும் அவரே.

1501 செப்டெம்பர் 24இல் பாவியா நகரிலே பிறந்தார். தந்தை பாசியோ சட்ட அறிஞர். கேத்திர கணிதத்திலும் வல்லவர். லியனார்டோ டா வின்சியின் நண்பர். ஆயினும் பெற்றோர் மணம் புரியாதிருந்த காலத்தில் பிறந்தமையால், வைத்தியப் பட்டம் பெற்ற பின்னரும் மிலான் நகர வைத்தியர் சங்கம் அவரைச் சேர்க்க மறுத்தது. 1539 வரை அக்கதவு திறக்கவில்லை. வறுமையிலே சூதாட்டம் அவருக்குப் பொழுதுபோக்காக மட்டுமன்றி வருவாய்க்கு வழியாகவும் இருந்தது. ஆனால் எடுத்ததைவிட இழந்ததே மிகுதி. மனைவி லூசியாவின் நகைகளும் வீட்டுத் தளபாடங்களும் அடகுக்குப் போயின. குடும்பம் மிலானிலுள்ள ஏழையர் விடுதியில் ஒதுங்க நேர்ந்தது.

அவர் தம் வரலாற்றிலே மறைக்காமல் எழுதிவைத்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. கன்னிமரியாளின் பிறந்த நாளன்று வெனிசு நகரில், ஆட்சிமன்றப் பிரபு ஒருவரின் இல்லத்திலே ஆடிப் பணத்தை இழந்தார். மோதிரங்களும் ஆடைகளுங்கூடப் போயின. விட்டதைப் பிடிக்க மறுநாளும் அங்கேயே சென்றார். இழந்தவன் அதே வீட்டுக்கு, அதே எதிராளியிடம், அதே சீட்டுக்கட்டுக்கு மீண்டும் போவதைவிடப் பெரிய பேதைமை வேறில்லை. இரண்டாம் நாள்தான் அச்சீட்டுகளில் அடையாளம் இடப்பட்டிருப்பதைக் கண்டார். உடனே கட்டாரியை உருவிப் பிரபுவின் முகத்தைக் கீறினார். கதவோ பூட்டிக் கிடந்தது. பணியாளரும் அருகில் நின்றனர். பணத்தை வாரிக்கொண்டு, இரத்தத்தைக் கண்டபின் அதிற் சிறிதைத் திருப்பி வீசி, ஒருவாறு வெளியேறினார். அன்றிரவு காவலர்க்கு அஞ்சி ஓடுகையில், ஆயுதங்களுடன் தவறி நீரில் வீழ்ந்தார். அவ்வழி வந்த படகிலிருந்தோர் தூக்கியெடுத்தனர். படகினுள்ளே, முகத்திற் கட்டுடன் அதே பிரபு அமர்ந்திருந்தார்! மாற்றுடையாக மாலுமி உடுப்பையும் அவரே கொடுத்தார். இருவரும் ஒன்றாகவே பாதுவா வரை பயணஞ் செய்தனர்.

இவ்வாறு வாழ்ந்தவர் எழுதிய நூலே சூதாட்டம் பற்றிய இலத்தீன் நூல். ஆட்டத்தின் அடிப்படை சமநிலை என்பது அவர் கொள்கை. எதிராளி, பணம், இடம், பகடை, சூழ நிற்போர் அனைத்திலும் சமநிலை வேண்டும். அது நமக்குச் சாதகமாகச் சாய்ந்தால் நாம் அநீதியாளர், பாதகமாகச் சாய்ந்தால் மூடர். சிறுதொகையே வைக்க வேண்டும். பின்னால் நின்று ஆலோசனை சொல்வோரை நம்பலாகாது. சினம் கொண்டவன் கணக்கை மறப்பான். ஆடாதிருப்பதே பெரிய இலாபம் என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை.

கணக்கிலே அவரும் இடறினார். ஆறு முகப் பகடையில் குறித்த ஒரு முகம் மூன்று வீச்சுக்குள் விழும் வாய்ப்பு, ஆறிற் பாதி மூன்று ஆதலால் சரிபாதி என்று முதலில் எழுதினார். எந்தப் புதியவரும் அவ்வாறே எண்ணுவார். உண்மையில் 216 வகைகளில் 91இல் மட்டுமே அது விழும், 125இல் விழாது. சரிபாதி என்று நம்பிப் பந்தயம் கட்டுபவர் 216 ஆட்டங்களுக்குச் சராசரி 34 பந்தயங்களை இழப்பார். கார்டானோ தம் பிழையைப் பின்வரும் அதிகாரங்களிலே தாமே உணர்ந்து திருத்தினார். முன்னெழுதியதை மட்டும் அழிக்கவில்லை. அதனாலேயே அந்நூல் ஓர் அறிவு தட்டுத்தடுமாறி நடப்பதை நேரிற் காண்பது போலிருக்கிறது.

அவர் ஆடிய பிரிமேரோ ஆட்டத்தில் ஒவ்வொருவர்க்கும் நான்கு சீட்டுகள். பந்தயத்தை ஏற்றலாம், அஞ்சினால் விலகலாம். போக்கரின் மூதாதை என்று அதனைக் கருதுவோர் பலர். ஐந்து சீட்டுப் போக்கரில் ஓரினச் சீட்டு நான்கைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்தாவதற்குக் காத்திருக்கும் புதியவரை நோக்குக. கண்ணுக்குத் தெரியாத 47 சீட்டுகளில் அவர்க்கு உதவுவன ஒன்பதே. ஒரு ரூபாயை அவர் வைப்பதென்றால், நடுவிலே நான்கே கால் ரூபாய்க்கு மேல் குவிந்திருக்க வேண்டும். இன்றேல் அது நட்டக் கணக்கு. பெரும்பாலோர் நடுவிற் கிடப்பதை எண்ணுவதில்லை. தாம் ஏற்கெனவே வைத்ததையே எண்ணி வருந்தி, மேலும் வைக்கின்றனர்.

கணக்கறிந்த பின்னும் கார்டானோ அதிட்டம் என்ற தனிச்சக்தி ஒன்றை நம்பினார், சோதிடமும் பார்த்தார். சதுரங்கத்தை நாற்பது ஆண்டுகளும், பகடையை இருபத்தைந்து ஆண்டுகளும் நாள்தோறும் ஆடி, பொருள், பொழுது, புகழ் மூன்றையும் இழந்ததாக முதுமையில் ஒப்புக்கொண்டார். இடையிலே 1545இல் அட்சரகணிதப் பெருநூலை வெளியிட்டார். 1552இல் ஸ்கொத்லாந்து சென்று பேராயர் ஹமில்டனின் சுவாச நோய்க்கு வைத்தியஞ் செய்தார். மூத்த மகன் மனைவிக்கு நஞ்சூட்டிய குற்றத்துக்காக 1560இல் கொல்லப்பட்டான். இளையவன் ஆல்டோ தந்தையின் சூதையே கற்றான், கணக்கைக் கற்கவில்லை. வீட்டுப் பணத்தையும் நகைகளையும் அவன் திருடியபோது, தந்தையே அதிகாரிகளிடம் முறையிட நேர்ந்தது.

1570இல் மதவிசாரணையாளர் கார்டானோவைச் சிறையிட்டனர். பின்னர் உரோமாபுரியில் போப்பாண்டவரின் உதவித்தொகையில் வாழ்ந்து, 1576 செப்டெம்பர் 21இல் காலமானார். சூது நூல் அப்போதும் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. 1654இல் பஸ்காலும் பெர்மாவும் சூதாடி ஒருவர் எழுப்பிய ஐயத்தைக் கடிதங்களில் ஆராய்ந்து நிகழ்தகவுக் கணிதத்துக்கு வித்திட்டபோதும் அது அச்சேறவில்லை. 1663இல் லியோன் நகரில் அவர் நூல்கள் பத்துத் தொகுதிகளாக வந்தபோதுதான், முதற்றொகுதியில் பதினைந்து பக்கங்களாக அது வெளிவந்தது.