எந்திரத்துக்கு மனம் உண்டா? கேட்டவர் போத்தனூர்ப் பெண்ணின் மகன்

புனேயில் இருந்து சென்னைக்குப் போகும் ரெயில் சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குந்தக்கல், அரக்கோணம் என்று ஓடுகிறது. லீவுக்கு ஊர் போகும் புனே தமிழர்களுக்கு இந்த ஸ்டேஷன்களின் பெயர்கள் மனப்பாடம்.

பம்பாயில் இருந்து புனே வழியாக வந்த பாதையும், சென்னையில் இருந்து வந்த பாதையும் 1871-ம் ஆண்டு ராய்ச்சூரில் ஒன்று சேர்ந்தன. சென்னைப் பக்கத்துப் பாதையைப் போட்டது மெட்ராஸ் ரெயில்வே கம்பெனி. பிற்காலத்தில் அந்தக் கம்பெனியின் தலைமை என்ஜினீயராக விளங்கியவர் எட்வர்டு வாலர் ஸ்டோனி.

ஸ்டோனியின் மகள் எத்தல் சாரா, 1881-ம் ஆண்டு கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தார். அவர் பெற்ற பிள்ளைதான் ஆலன் டூரிங். இன்றைய கம்ப்யூட்டருக்கு அடிப்படை வகுத்த கணித மேதை. எந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை, விஞ்ஞானிகள் ஒதுக்க முடியாத கேள்வியாக ஆக்கியவர்.

பெற்றோர் இங்கே, பிள்ளை அங்கே

டூரிங்கின் தந்தை ஜூலியஸ், ஐ.சி.எஸ். அதிகாரி. சென்னை மாகாணத்தின் பல ஜில்லாக்களில் உத்தியோகம் பார்த்தார். 1907-ல் எத்தல் சாராவை மணந்தார். மூத்த மகன் ஜான், 1908-ல் குன்னூரில் பிறந்தான்.

தந்தை சத்ரபூரில் வேலை பார்த்தபோது தாய் மீண்டும் கருவுற்றார். சத்ரபூர் இன்று ஒடிசாவில் உள்ளது. அன்று அது சென்னை மாகாணம். பிரசவத்துக்கு தாய் இங்கிலாந்து சென்றார். 1912-ம் ஆண்டு ஜூன் 23-ந்தேதி லண்டனில் ஆலன் பிறந்தான்.

இந்தியாவின் வெயிலும் காய்ச்சலும் குழந்தைகளுக்கு ஆகாது என்று பெற்றோர் கருதினார்கள். பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்தில் ஒரு கர்னல் வீட்டில் வளர விட்டார்கள். தந்தை 1926 வரை உத்தியோகத்தில் இருந்தார். அவர் லீவில் வரும்போதுதான் பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். தாயும் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் இருந்தார். பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்து, பிள்ளையை ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டிருப்பவர்களுக்கு அந்த ஏக்கம் புரியும்.

நண்பனின் மரணம்

ஷெர்பர்ன் பள்ளியில் ஆலனுக்கு ஓர் உயிர் நண்பன் கிடைத்தான். பெயர் கிறிஸ்டோபர் மோர்காம். இருவருக்கும் கணிதத்திலும் வானநூலிலும் பைத்தியம். 1930-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந்தேதி கிறிஸ்டோபர் காசநோயால் இறந்தான். அப்போது ஆலனுக்கு வயது 17.

அந்தச் சாவு அவரை உலுக்கியது. உடல் போன பிறகு மனம் எங்கே போகிறது? மனம் வேறு, மூளை வேறா? நண்பனின் தாயாருக்காக அவர் இதுபற்றி ஒரு கட்டுரை எழுதினார். உடலோடு ஒட்டியிருக்கும் ஆன்மா, உடல் அழிந்ததும் வேறோர் உடலைத் தேடிக்கொள்ளும் என்று அன்று நம்பினார். அந்த நம்பிக்கை பின்னாளில் மாறியது. ஆனால் மனம் என்பது என்ன என்ற கேள்வி அவரை விட்டு அகலவில்லை.

குமாஸ்தாவைப் பார்த்துப் பிறந்த எந்திரம்

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் படித்த டூரிங், 1936-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். வயது 24.

அந்நாளில் கம்ப்யூட்டர் என்றால் எந்திரம் அல்ல, ஆள். பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் கணக்குப் போடும் குமாஸ்தாவுக்குத்தான் அந்தப் பெயர். அந்தக் குமாஸ்தா என்ன செய்கிறார் என்று டூரிங் யோசித்தார். ஒரு குறியைப் பார்க்கிறார். வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை மனதில் வைத்திருக்கிறார். விதிப்படி ஒரு குறியை எழுதுகிறார், அல்லது அழிக்கிறார். அடுத்த கட்டத்துக்கு நகர்கிறார். எவ்வளவு பெரிய கணக்கும் இந்தச் சிறு வேலைகளின் தொகுப்புதான். அப்படியானால் இதை ஓர் எந்திரமும் செய்யலாம்.

இன்னொரு படியும் ஏறினார். வேலைக்கு ஓர் எந்திரம் வேண்டாம். விதிகளை எழுதிக் கொடுத்தால் ஒரே எந்திரம் எல்லா வேலையையும் செய்யும் என்று நிரூபித்தார். இன்றைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் இந்த அஸ்திவாரத்தின் மேல் நிற்பவை. புனேயில் உள்ள சி-டாக் நிறுவனம் 1991-ல் உருவாக்கிய பரம் சூப்பர் கம்ப்யூட்டரும் அப்படித்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது, பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் ஜெர்மானியரின் எனிக்மா ரகசியக் குறிகளை உடைக்கும் பணியில் டூரிங் முன்னின்றார். போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் போட்ட பாதையில் மேலும் சென்று, அதற்கென எந்திரம் வடிவமைத்தார். இந்த வேலை 1970-களில்தான் வெளி உலகத்துக்குத் தெரிந்தது.

திரைக்குப் பின்னால் யார்?

போருக்குப் பின் டூரிங் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியிருந்தது. பத்திரிகைகள் அதை எந்திர மூளை என்று எழுதின. அதே ஊரைச் சேர்ந்த பிரபல மூளை அறுவை நிபுணர் ஜெப்ரி ஜெபர்சன் 1949-ல் இதை மறுத்துப் பேசினார். எந்திரம் கவிதை எழுதினால் மட்டும் போதாது. உள்ளே உணர்ச்சி பொங்கி எழுத வேண்டும், எழுதியது தான்தான் என்று அதற்குத் தெரியவும் வேண்டும் என்பது அவர் வாதம்.

டூரிங்கின் பதில் 1950-ல் மைண்டு என்ற தத்துவ இதழில் வந்தது. அவர் ஒரு சோதனை சொன்னார். ஓர் அறையில் மனிதர், இன்னோர் அறையில் எந்திரம். வெளியே இருப்பவர் எழுத்தில் கேள்வி கேட்கிறார். எது மனிதர் என்று கண்டுபிடிக்க அவர் திணறினால், எந்திரம் சிந்திக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் பேசிப் பார்ப்பவர்களில் நூற்றுக்கு 30 பேராவது ஏமாறும் நிலை சுமார் 50 ஆண்டுகளில் வரும் என்றும் கணித்தார்.

உணர்ச்சி இல்லையே என்ற வாதத்துக்கு அவர் சொன்ன பதில் எளிமையானது. அடுத்தவர் உள்ளத்துக்குள் யாராலும் புகுந்து பார்க்க முடியாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு மனம் உண்டு என்பதற்குக்கூட நேரடிச் சாட்சி கிடையாது. அவர் பேச்சையும் நடத்தையையும் பார்த்து, மரியாதையாக ஒப்புக்கொள்கிறோம். அதே அளவுகோலை எந்திரத்துக்கும் வைக்கலாமே என்றார். உணர்வு என்பதில் புதிர் எதுவும் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அந்தப் புதிரை அவிழ்த்த பிறகுதான் சிந்தனையைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இல்லை என்றார்.

சட்டத்தின் கொடுமை

1952-ல் டூரிங் வீட்டில் திருட்டு நடந்தது. போலீசில் புகார் செய்தார். விசாரணையில், அவருக்கு ஓர் ஆணோடு இருந்த உறவு வெளிவந்தது. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி அது குற்றம். புகார் கொடுத்தவரே கூண்டில் ஏறினார். சிறைக்குப் பதிலாக, ஓராண்டு காலம் ஹார்மோன் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அரசின் ரகசியப் பணிக்கான அனுமதியும் பறிபோனது.

1954-ம் ஆண்டு ஜூன் 7-ந்தேதி, சயனைடு விஷத்தால் அவர் இறந்தார். வயது 41. தற்கொலை என்று விசாரணையில் முடிவானது. ரசாயனச் சோதனையின்போது நடந்த விபத்து என்றே தாய் கடைசிவரை நம்பினார். மகனின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1959-ல் வெளியிட்டார். போத்தனூரில் பிறந்த அந்தத் தாய் 1976-ல், 94-வது வயதில் காலமானார்.

பிரிட்டிஷ் பிரதமர் 2009-ல் டூரிங்குக்கு இழைத்த அநீதிக்கு மன்னிப்புக் கோரினார். 2013-ல் அரச மன்னிப்பு வந்தது. 2021-ல் அவர் படம் 50 பவுண்டு நோட்டில் ஏறியது. இந்தியாவில் இருந்த அதேபோன்ற சட்டத்தை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தளர்த்தியது.

மராத்தி தெரியாத குமாஸ்தா

டூரிங்கின் சோதனைக்கு 1980-ல் பலமான எதிர்ப்பு கிளம்பியது. எழுப்பியவர் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஜான் சர்ல். அவர் சீன மொழியை வைத்துச் சொன்ன உதாரணத்தை இங்கே மராத்தியில் பார்க்கலாம்.

மராத்தியில் ஓர் எழுத்தும் தெரியாத ஒருவர் அறைக்குள் இருக்கிறார். வெளியில் இருந்து மராத்தியில் எழுதிய சீட்டு வருகிறது. இந்த வடிவம் வந்தால் அந்த வடிவத்தை எழுது என்று சொல்லும் தடித்த விதிப் புத்தகம் அவரிடம் இருக்கிறது. அதைப் பார்த்துப் பதிலை வரைந்து அனுப்புகிறார். உள்ளே மராத்திப் பண்டிதர் இருக்கிறார் என்று வெளியே இருப்பவர் நினைப்பார். உள்ளே இருப்பவருக்கோ ஒன்றும் புரியாது. எந்திரமும் அப்படியே என்றார் சர்ல்.

அந்த ஆளை மட்டும் பார்க்காதே. ஆள், புத்தகம், அறை எல்லாம் சேர்ந்துதான் மராத்தி அறிகிறது என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

2022-ல் தன் நிறுவனத்தின் பேசும் எந்திரத்துக்கு உணர்வு வந்துவிட்டது என்று கூகுள் என்ஜினீயர் ஒருவர் சொன்னார். நிறுவனம் அதை மறுத்தது. அவர் வேலையையும் இழந்தார். அதே ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இன்று புனே ஆபீசுகளில் கடிதத்தின் நகலை அது எழுதித் தருகிறது. வருந்துகிறேன் என்றும் எழுதும். அது மெய்யான வருத்தமா? மனிதர்கள் எழுதியதைப் படித்துத்தான் அது அந்தச் சொல்லைக் கற்றது. ஆகவே அதன் சொல் மட்டும் சாட்சி ஆகாது. அதே சமயம், மூளையில் உணர்வு எப்படிப் பிறக்கிறது என்பதே விஞ்ஞானத்துக்குப் பிடிபடவில்லை. எனவே எந்திரத்துக்கு உணர்வு வரவே வராது என்று அடித்துச் சொல்லவும் வழியில்லை.

டூரிங் விட்டுச் சென்ற விதி ஒன்று மட்டும் நிச்சயம். உள்ளே பார்க்க முடியாத இடத்தில், அவசரப்பட்டு இல்லை என்று சொல்லாதே. எந்திரத்துக்கு அவர் அந்த மரியாதையைக் கேட்டார். மனிதரான அவருக்கு நாடு அதைக் கொடுக்கவில்லை.