முயலின் குடலில் தெரிந்த நஞ்சு: வைத்தியர் சம்பு நாத் தே

வெள்ளம் வடிந்த கையோடு செட்டிபாளையத்துக் கிணறுகளுக்குக் குளோரீன் போட ஆட்கள் வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மணலில் தோண்டிய கிணறு. மழை மிஞ்சினால் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே அதிக தூரம் இல்லை. அந்தப் பயத்தின் பழைய பெயர் வாந்திபேதி, வைத்தியத்தில் கொலரா. அதன் கிருமியைக் கண்ட றொபேட் கொக்கை நாம் உயிரியல் வகுப்பில் படித்தோம். அந்தக் கிருமி எதைக் கொண்டு கொல்கிறது என்று காட்டிய சம்பு நாத் தேயைப் படிக்கவில்லை.

1915 பெப்ரவரி 1ஆம் திகதி வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமமொன்றில், வசதி குறைந்த குடும்பத்தில் பிறந்தவர் தே. 1939இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வைத்தியரானார். 1947இல் இலண்டன் போய், 1949இல் கலாநிதிப் பட்டத்துடன் திரும்பினார். திரும்பியதும் அவர் கையிலெடுத்தது, ஆண்டுதோறும் கல்கத்தா வார்டுகளை நிரப்பிய கொலராவை.

1884இலேயே கொக் இதே கல்கத்தாவில் கிருமியைப் பிரித்தெடுத்து, அது ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்க வேண்டும் என்று ஊகித்திருந்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக எவராலும் அதைக் காட்ட முடியவில்லை. விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் கிருமியை ஏற்றிப் பார்த்தார்கள். தே யோசித்தது எளிமையானது: நோய் குடலுக்குள் நடக்கிறது, ஆகவே குடலுக்குள்ளேயே தேட வேண்டும். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு நீரால் வீங்கியிருந்தது. 1953இல் இதை வெளியிட்டார். நூலும் ஊசியும் முயலும் போதுமான பரிசோதனை! 1959இல், கிருமிகளை முற்றாக வடித்து நீக்கிய திரவமும் அதே வீக்கத்தை உண்டாக்குவதை 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார். கிருமி இல்லாமலே நோய் வந்தால், குற்றவாளி அது சுரந்த நஞ்சுதானே.

அந்த நஞ்சு குடற்சுவரைக் கிழிப்பதில்லை. கலங்களில் ஒட்டி, உள்ளே புகுந்து, உப்பை வெளியே தள்ளவைக்கிறது. உப்பின் பின்னால் தண்ணீர் ஓடுகிறது. கடுமையான நோயாளி மணிக்கு ஒரு லீற்றர் வரை இழக்கக்கூடும். ஆனால் சீனியோடு சேர்த்துக் கொடுத்த உப்பை உறிஞ்சும் வழி கெடாமல் இருக்கிறது. எங்கள் வீடுகளில் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி வேலை செய்வது அதனால்தான். பிள்ளைகள் வாந்தி எடுத்தாலும் தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கொடுங்கள் என்று நாம் தாய்மாருக்குச் சொல்வதும் அதனால்தான்.

சொந்த நாட்டில் தேக்கு இதற்காகப் பெரிய விருது எதுவும் கிடைக்கவில்லை. இது எமக்கு இன்றும் உறுத்துகிறது. நோபல் பரிசு பெற்ற ஜோசுவா லெடர்பேர்க் அவரை அந்தப் பரிசுக்கே பரிந்துரைத்திருந்தார், கிடைக்கவில்லை. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோயியல் துறைத் தலைவராக இருந்து 1973இல் ஓய்வுபெற்றார். 1978இல் கொலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்குச் சுவீடன் அவரை அழைத்தபோது, அவர் உயிரோடு இருப்பதே பலருக்குப் புதினமாயிருந்திருக்கும் என்று நினைக்கிறோம்.

1985 ஏப்ரல் 15ஆம் திகதி காலமானார். ஐந்து ஆண்டுகள் கழித்து 'கரண்ட் சயன்ஸ்' என்ற இந்திய அறிவியல் சஞ்சிகை அவருக்காக ஒரு சிறப்பிதழை வெளியிட்டது.