எலும்பை வளர்த்த மருத்துவர்

மிதிவண்டிச் சக்கரத்தை நோக்குக. அதன் கம்பிகள் மிக மெல்லியவை. தனியே எடுத்தால் சிறுவனும் வளைத்துவிடுவான். ஆனால், வட்டையில் அவற்றை முறுக்கி இழுத்துக் கட்டியபின், காணையிலிருந்து விழுப்புரத்திற்கு நெல்மூட்டையுடன் செல்லும் உழவரையும் அவை தாங்குகின்றன. தளர்ந்த கம்பிக்கு இல்லாத வலிமை இழுத்துக் கட்டிய கம்பிக்கு வந்துவிடுகிறது. இவ்வெளிய உண்மையை மனித எலும்பிற்குப் பயன்படுத்தி, முடமான பல்லாயிரவரை நடக்கச் செய்தவர் காவ்ரீல் இலிசரோவ்.

அவர் 1921 ஆம் ஆண்டு சூன் திங்கள் 15 ஆம் நாள், போலந்து நாட்டுப் பியாலோவியேசா என்னும் ஊரில் பிறந்தார். பின்னர் அவர் குடும்பம் அசர்பைசான் நாட்டு மலைப்பகுதியில் உள்ள கூசார் என்னும் ஊரிற் குடியேறியது. வறுமை மிக்க வீடு, தலைமகன் அவர். உரிய வயதில் பள்ளிக்குச் செல்ல இயலவில்லை. எனினும், காலந்தாழ்ந்து தொடங்கிய கல்வியை விரைந்து முடித்துக் கிரிமியாவில் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். உலகப்போர் மூளவே, கல்லூரி கசக்கஸ்தானத்திற்கு மாற்றப்பட்டது. அங்கேயே 1944 இல் அவர் பட்டம் பெற்றார்.

அரசு அவரைச் சைபீரியாவின் மேற்கே, கூர்கான் வட்டாரத்துத் தொல்கோவ்கா என்னும் சிற்றூருக்கு அனுப்பியது. காய்ச்சலாயினும் பேறுகாலமாயினும் மக்கள் அவரையே நாடினர். போர்முனையிலிருந்து கால் முறிந்து மீண்டோரும் வந்தனர். முறிந்த இடத்தில் எலும்பு கூடாமலும், சீழ் வடிந்தும், கால் குறுகியும் அவர்கள் பல்லாண்டுகள் படுக்கையிற் கிடந்தனர். மாவுக்கட்டு ஒன்றையே நம்பியிருந்த பழைய முறை அவர்களுக்கு உதவவில்லை. எலும்பின் இருமுனைகளையும் அசையாமல் இறுகப் பிடித்தால் என்ன என்று இலிசரோவ் எண்ணினார்.

1951 ஆம் ஆண்டளவில் கருவி உருவாயிற்று. காலைச் சூழ்ந்து இரும்பு வளையங்கள், அவற்றில் இழுத்துக் கட்டப்பெற்று எலும்பை ஊடுருவிச் செல்லும் மெல்லிய கம்பிகள், வளையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் திருகுத் தண்டுகள், அவற்றின்மேல் மரைகள். இவ்வளவே. முறிவு கூடியதோடு, கருவியுடனேயே நோயாளி எழுந்து நடக்கவும் முடிந்தது.

அவர் பெயரை நிலைநாட்டிய கண்டுபிடிப்போ ஒரு பிழையினால் வந்தது என்பர். எலும்பு முனைகள் நெருங்குமாறு மரைகளைத் திருப்ப வேண்டிய நோயாளி ஒருவர், அவற்றை எதிர்ப்புறமாகத் திருப்பிவிட்டார். முனைகள் விலகின. கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தபோது, அவ்விடைவெளியிற் புதிய எலும்பு அரும்பியிருந்தது! மற்றொருவராயின் நோயாளியைக் கடிந்துகொண்டு மரைகளை மீண்டும் இறுக்கியிருப்பர். இலிசரோவ் சிந்தித்தார், நாய்களிடம் பன்முறை ஆராய்ந்தார். நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர், அதனையும் நான்கு சிறு பகுதிகளாகப் பிரித்து விலக்கினால் எலும்பு நன்கு வளர்ந்தது. மிக மெல்ல விலக்கினால் இடைவெளி முன்னரே கெட்டிப்பட்டு மூடிக்கொண்டது. விரைந்து விலக்கினாலோ எலும்பு தோன்றவில்லை.

தலைநகரத்துப் பேரறிஞர் பலர் இதனை நம்பவில்லை. அவர் மருத்துவரல்லர், இரும்பு வேலை செய்பவர் என எள்ளினர். ஆண்டுகள் பல கடந்தன. உயரத் தாண்டுதலில் 2.28 மீட்டர் தாண்டி உலகை வியக்கவைத்த வலேரி புரூமெல், 1965 இல் விபத்தொன்றிற் கால் நொறுங்கினார். பல அறுவைகள் செய்தும் எலும்பு கூடவில்லை. 1968 இல் அவர் கூர்கானுக்கு வந்தார். குணமடைந்து மீண்டும் இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டினார். அதன்பின் எள்ளல் குறைந்தது. 1980 இல் கார்லோ மௌரி என்னும் இத்தாலியப் பயணியின் பழைய முறிவையும் இலிசரோவ் தீர்த்தார். மறு ஆண்டு இத்தாலிய மருத்துவர்கள் அவரை அழைத்துக் கேட்டனர். மேலை நாடுகள் இம்முறையைக் கற்கத் தொடங்கின.

கருவி, முறிவோடு நின்றுவிடவில்லை. பெர்த்தசு நோய் என ஒன்றுண்டு. 1910 இல் மூன்று நாட்டு மருத்துவர்கள் தனித்தனியே விளக்கிய இந்நோய், சிறுவர்களையே மிகுதியும் பற்றும். இந்தியாவில் உடுப்பிப் பகுதியில் இது மிகுந்து காணப்பட்டது. தொடை எலும்பின் தலை, இடுப்புக் குழியில் பந்துபோற் பொருந்தியிருப்பது. அதற்குச் செல்லும் குருதி குறைந்தால் எலும்பு மடிந்து மென்மையாகும். காயாத பச்சைப் பானையின்மீது பாரம் வைத்தாற்போல, உடலின் எடையால் அதன் உருண்டை வடிவம் சப்பையாகிவிடும். உடல் தானே புதிய எலும்பை ஆக்கிக்கொள்ளும். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை வடிவத்தைக் காப்பதே அரிது.

இடுப்பெலும்பிலும் தொடையெலும்பிலும் ஊசிகள் பொருத்தி, வெளியே ஒரு சட்டத்தால் இணைத்து, மூட்டைச் சிறிது சிறிதாக விலக்குவதே மருத்துவர் சிலர் கண்ட வழி. எலும்பின் தலைமீது பாரம் விழாது. சில திங்கள்களில் சட்டத்தை அகற்றுவர். கடுமையாய் நோயுற்ற வளர்ந்த சிறார்க்கே பெரும்பாலும் இதனைச் செய்வர். ஊசி நுழைந்த இடங்களில் சீழ் பிடிக்காமல் நாள்தோறும் தூய்மை செய்தல் வேண்டும். இதனினும் எலும்பை வெட்டித் திருப்பும் அறுவையே மேல் என்போரும் உளர். வழக்கு இன்னும் தீரவில்லை.

இலிசரோவின் பெயர் உலகெங்கும் பரவியபின்னும் அவர் தலைநகருக்குக் குடிபெயரவில்லை. 1971 இல் தம் பொறுப்பில் தோன்றிய கூர்கான் ஆராய்ச்சி நிலையத்திலேயே பணியாற்றி, 1992 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24 ஆம் நாள் அந்நகரிலேயே மறைந்தார்.