கற்றதைக் கொடுத்த துறவி

மனிதனுக்கு இரண்டு ஆசைகள் உள. ஒன்று பெறுவதில், மற்றொன்று பெற்றதைக் காத்துக்கொள்வதில். முதலாவது குற்றமன்று. அது இல்லையேல் தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடத்து வாசலை மிதியாது. இரண்டாவதுதான் நம்மை மயக்குவது. உத்தியோகம் கிடைக்கட்டும், வீடு கட்டி முடியட்டும், பிறகு ஊரைப் பார்ப்போம் என்று நாளைத் தள்ளுகிறோம். அந்தப் பிறகு பலருக்கு வருவதேயில்லை. இவ்வியல்பை வென்ற ஒருவரை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவரே சுவாமி விபுலாநந்தர்.

மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில், 1892 ஆம் ஆண்டு, சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். இயற்பெயர் மயில்வாகனன். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் கற்று, பதினாறாவது வயதிலேயே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியும் அவரைத் தேடி வந்தது.

அப்பொழுது அவருக்கு வயது முப்பதை எட்டவில்லை. பட்டமும் பதவியும் கைவந்த நேரம். மற்றவர்கள் குடியும் குடித்தனமுமாக வாழத் தொடங்கும் பருவம். அவரோ 1922 இல் அனைத்தையும் விடுத்து, சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924 இல் சந்நியாசம் பெற்றார்.

துறவு என்றதும் வேலையை விட்டு ஒதுங்குதல் என நம்மிற் பலர் எண்ணுகிறோம். சுவாமிகள் துறந்தபின்தான் அவருக்கு வேலை பெருகியது. ஈழம் திரும்பி மிஷனின் பாடசாலைகளைக் கவனித்தார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானபோது, பகலில் பட்டதாரிகளுக்குப் பாடம் சொன்னவர், மாலையில் அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். இரண்டு ஆண்டுகளில் அப்பேராசிரியப் பதவியையும் விட்டார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

மிஷன் பாடசாலையிற் கற்ற நமக்கு இவர் வாழ்வில் தனியொரு பாடமும் உண்டு. கிறித்தவக் கல்லூரியில் கற்ற கல்வியை அவர் அந்நியமென்று வெறுக்கவுமில்லை. அதனால் தம் சமயத்தை மறக்கவுமில்லை. கணிதமும் பௌதிகமும் கற்ற அறிவைக் கொண்டே, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையில் மறைந்துகிடந்த யாழின் இலக்கணத்தைப் பல்லாண்டு ஆராய்ந்தார். அதன் பயனாகிய யாழ்நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம், ஜூலை 19 ஆம் நாள், சுவாமிகள் மறைந்தார். கையிலிருந்ததை எல்லாம் கொடுத்து முடித்தவர் போலச் சென்றார்.

அப்புத்தளை மலைகளில் கொழுந்துக் கூடை சுமந்த தாய்மாரின் உழைப்பில் நாம் பல்கலைக்கழகம் சென்றோம். பிள்ளை இந்த மண்ணை விட்டுத் தப்பிவிட வேண்டுமென்று பெற்றோர் விரும்புவது இயல்பே. பட்ட துன்பம் அப்படி. அவ்விருப்பத்தைக் குறைகூற நாம் துணியோம். நமக்கும் அவ்விருப்பம் உண்டு என்பதை ஒளிப்பானேன்? ஆயினும் படித்தவர் ஒவ்வொருவராய் இறங்கிப் போனால், அடுத்த பிள்ளைக்கு வழிகாட்ட லயத்தில் எவர் இருப்பர்?

எல்லாரும் காவி உடுத்தல் இயலாது. சுவாமிகளும் அதை எல்லாரிடமும் எதிர்பார்த்தவரல்லர். திருவேட்களத்து மாலைப்பொழுது ஒன்றை மட்டும் நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். விடுமுறைக்கு வரும் மாணவர் வாரத்தில் இரண்டு மாலை தம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கும் தமிழும் சொல்லிக் கொடுக்கட்டும். பெரியோர்கள் ஓர் இடமும் விளக்கும் தந்து உதவட்டும். உத்தியோகம் கிடைத்த பிறகு என்று காத்திருக்க வேண்டியதில்லை. கற்றது கையில் இருக்கிறது. கொடுப்பதற்கு அதுவே போதும்.