முதல் கம்ப்யூட்டரும் கிண்டி மாணவரும்

(மூன்றாமாண்டு, கம்ப்யூட்டர் டிப்ளமோ)



இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டரின் பின்னால் இருந்தவர் ஒரு சென்னைக்காரர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் ஆர். நரசிம்மன்.

1926 ஏப்ரல் 17-ல் பிறந்தவர். நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடக்கூடிய கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் தொலைத்தொடர்பு படித்தார். பிறகு அமெரிக்கா சென்று கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் 1954-ல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் வந்து சேர்ந்தார்.

ஒரு சிறு குழுவோடு வேலை தொடங்கியது. 1956-ல் மாதிரி இயந்திரம், 1960-ல் முழு இயந்திரம். சுமார் 2,700 வால்வுகள். நினைவகமோ 2,048 சொற்கள்தான்! 1962-ல் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். 1964-ல் அங்கே சிடிசி 3600 என்ற பெரிய இயந்திரமும் வந்தது. ஆனாலும் பஞ்ச் கார்டில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு, நம் முறை எப்போது வரும் என்று காத்திருக்கணும்.

இந்தக் காத்திருப்பைப் போக்கியதுதான் டைம் ஷேரிங். கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். சாம்பார் வாளி ஒன்றுதான். ஒவ்வொரு இலைக்கும் ஒரு கரண்டி. நாம் பிசைந்து சாப்பிடுவதற்குள் வாளி மறுபடி வந்துவிடும். அதுபோல பிராசசர் ஒவ்வொருவருக்கும் நொடியில் சிறு பங்கு நேரம் தரும். மனுஷன் தட்டும் வேகம் குறைவு என்பதால், இயந்திரம் தனக்கே சொந்தம் என்று ஒவ்வொருவரும் நினைப்பார். அமெரிக்காவில் 1961-ல் எம்.ஐ.டி.யில் இதைச் செய்து காட்டினார்கள். 1964-ல் டார்ட்மவுத் கல்லூரி, பேசிக் மொழியோடு இதை மாணவர் கையில் கொடுத்தது.

1970-களில் ஐ.நா. உதவியோடு பம்பாயில் நரசிம்மன் வளர்த்த தேசிய மென்பொருள் மையத்தில் டெக்சிஸ்டம்-10 இயங்கியது. ஒரே இயந்திரம், பல டெர்மினல்கள்!

1965-ல் இந்தியக் கம்ப்யூட்டர் சங்கத்தின் முதல் தலைவர், 1977-ல் பத்மஸ்ரீ. 2007 செப்டம்பர் 3-ல் மறைந்தார்.

என் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். கம்ப்யூட்டரெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு என்று கேட்டே வளர்ந்தேன். டிப்ளமோ முடித்தால் பக்கத்துக் கம்பெனி லைனில் நிற்பதோடு சரியா என்ற பயம் இன்னும் உண்டு. நரசிம்மன் வாழ்க்கையைப் படித்தபின் ஒன்று புரிந்தது. இயந்திரம் பெரிய இடத்தில் பிறந்திருக்கலாம். பங்கு போட்டதால்தான் அது நம் லேப் வரை வந்தது. இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டம் என்று சலிக்க வேண்டாம் நண்பர்களே! பக்கத்தில் இருப்பவருக்கும் கீபோர்டைக் கொடுப்போம். நம் முறை வரும்போது துணிந்து தட்டுவோம்!