செல்லாக் காசில் சரித்திரம் கண்டவர்

அசோகச் சக்கரவர்த்தியின் பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால், 200 ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய கல்வெட்டுகளைப் படிக்கத் தெரிந்தவர் இந்தியாவில் ஒருவரும் இல்லை. அவற்றைப் படித்துக் காட்டியவர் ஒரு நாணயப் பரிசோதகர். அவர் பெயர் ஜேம்ஸ் பிரின்செப்.

பிரின்செப் 1799-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். கட்டிடக் கலை பயின்றார். கண்ணில் கோளாறு ஏற்பட்டதால் அதை விட்டுவிட்டு, உலோகங்களைச் சோதிக்கும் தொழிலைக் கற்றார். 1819-ல் கல்கத்தாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டே காசி நாணயச் சாலையில் பரிசோதகர் ஆனார். அப்போது அவருக்கு வயது 21!

மாற்றுப் பார்க்கும் வேலை

அந்தக் காலத்தில் பல வகை ரூபாய்கள் புழங்கின. ஒவ்வொன்றுக்கும் எடை வேறு. வெள்ளியின் தரம் வேறு. தேய்ந்த ரூபாயைக் கொண்டுபோனால், காசு மாற்றும் சராப்பு வட்டம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார். நஷ்டம் ஏழைகளுக்கே.

நல்ல நாணயம் எது, கலப்பட நாணயம் எது என்று சோதிப்பது எப்படி? நாணயத்தில் ஒரு துணுக்கை வெட்டி எடுப்பார்கள். அதை ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து உலையில் காய்ச்சுவார்கள். ஈயமும் செம்பும் சாம்பலில் ஊறிவிடும். வெள்ளி மட்டும் சிறு மணியாக நிற்கும். அதை எடை போட்டால் கலப்படம் வெளியாகிவிடும். இதற்காக மிக நுட்பமான தராசு ஒன்றைப் பிரின்செப்பே அமைத்தார்.

1832-ல் அவர் கல்கத்தா நாணயச் சாலையின் தலைமைப் பரிசோதகர் ஆனார். 1835-ல் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. எடை ஒரு தோலா. 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. இந்தச் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்டவர்களில் பிரின்செப் முக்கியமானவர்.

உருக்காமல் காத்தார்

பஞ்சாப், ஆப்கானிஸ்தான் பக்கங்களில் கிடைத்த பழங்காசுகள் அவரிடம் வந்து குவிந்தன. கடைத்தெருவில் அவற்றுக்கு உலோகத்தின் விலைதான். உருக்கிவிட்டால் வெள்ளி மிஞ்சும், எழுத்து அழிந்துபோகும். பிரின்செப்புக்கோ அந்த எழுத்துத்தான் பொக்கிஷம். காசுகளின் படங்களைத் தம் கையாலேயே வரைந்து, ஆசியச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டார்.

சில காசுகளில் ஒரு பக்கம் கிரேக்க எழுத்து; மறு பக்கம் யாருக்கும் விளங்காத கரோஷ்டி எழுத்து. இரு பக்கமும் அதே அரசனின் பெயரே இருப்பதை, ஆப்கானிஸ்தானில் காசு சேகரித்த சார்லஸ் மாசன் கண்டு சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு பிரின்செப் ஒவ்வோர் எழுத்தாக முன்னேறினார்.

1837-ல் பிராமி எழுத்தும் வசப்பட்டது. சாஞ்சி ஸ்தூபியில் இருந்த சிறு கல்வெட்டுகள் பலவும் ஒரே மாதிரி முடிந்தன. கோயில் தூணில் உபயம் என்று கொடுத்தவர் பெயரைப் பொறிப்பதுண்டு அல்லவா? இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று ஊகித்தார். ஊகம் பலித்தது. அந்தச் சொல் தானம்! பிறகு டில்லித் தூணின் கல்வெட்டையும் படித்தார். அதில் கண்ட பியதசி என்ற அரசன் அசோகனே என்பதை, இலங்கையில் இருந்த ஜார்ஜ் டர்னர் பாலி நூலிலிருந்து எடுத்துக் காட்டினார்.

தமிழ்நாட்டுக் குகைகளில் உள்ள பழந்தமிழ்க் கல்வெட்டுகளைப் பிற்காலத்தில் படிப்பதற்கும் இந்த எழுத்தறிவே அடிப்படை ஆயிற்று.

1838-ல் பிரின்செப் கடும் நோயுற்று இங்கிலாந்து திரும்பினார். 1840-ல் லண்டனில் காலமானார். வயது 40தான். அவர் நினைவாக 1843-ல் கல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையில் எழுப்பிய பிரின்செப் படித்துறை மண்டபம் இன்றும் நிற்கிறது.

வீட்டில் பழங்காசு இருக்கிறதா? புளியும் சாம்பலும் போட்டுத் துலக்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க எழுத்து மழுங்கும், மதிப்பும் குறையும். முதலில் எடையைப் பாருங்கள். பிறகு விளிம்பைப் பாருங்கள். அச்சடித்த காசைப் பார்த்து வார்த்த போலிகளில் பெரும்பாலும் எழுத்து மழுங்கியிருக்கும். சிறு குழிகள் தெரியும். விளிம்பில் ஒட்டுக் கோடு ஓடும். காசு பளபளக்க வேண்டியதில்லை. அதிலுள்ள எழுத்துப் பிழைத்திருந்தால் போதும். அதைப் படிக்க ஒருவர் வருவார்.