கம்ப்யூட்டரின் பிழை தீர்த்த கிரேஸ் அம்மையார்

அலாரக் கடிகாரம் எப்படி மணி அடிக்கிறது? அந்த ஏழு வயதுச் சிறுமிக்கு இதைத் தெரிந்துகொள்ள ஆசை. வீட்டில் இருந்த ஒரு கடிகாரத்தைக் கழற்றினாள். சக்கரங்கள் சிதறி விழுந்தன. திரும்பப் பூட்டத் தெரியவில்லை. இன்னொன்றை எடுத்து வந்து கழற்றினாள். அதுவும் அதே கதிதான். இப்படியே ஏழு கடிகாரங்கள்! தாயார் வந்து பார்த்தார். இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தைத்தான் கழற்றலாம் என்று உத்தரவு போட்டார்.

அந்தச் சிறுமிதான் பின்னாளில் அமெரிக்கக் கடற்படையில் ரியர் அட்மிரல் பதவி வரை உயர்ந்த கிரேஸ் ஹாப்பர். கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் கட்டளைகளில் தப்பு எப்படி நுழைகிறது, அதை எப்படித் தடுப்பது என்று நாற்பது ஆண்டுகள் பாடுபட்டவர்.

கணக்கு ஆசிரியை

கிரேஸ் 1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். வாசர் கல்லூரியில் படித்தார். 1934-ல் யேல் பல்கலைக் கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் பெண்கள் கணிதத்தில் அந்தப் பட்டம் வாங்குவது அபூர்வம். வாசர் கல்லூரியிலேயே ஆசிரியை வேலையும் பார்த்தார்.

இரண்டாவது உலகப்போர் மூண்டது. கிரேஸ் கடற்படையில் சேர விரும்பினார். எடை போதாது என்றார்கள். வயதும் 37 ஆகிவிட்டது. அவர் விடவில்லை. விசேஷ அனுமதி பெற்று 1943 டிசம்பரில் சேர்ந்தார்.

கப்பலில் ஏறப்போகிறோம் என்று நினைத்திருந்தால், ஏமாந்துதான் போயிருப்பார்! 1944-ல் அவரை அனுப்பியது ஹார்வர்டு பல்கலைக் கழகத்துக்கு. அங்கே இருந்தது மார்க் ஒன்று என்ற ராட்சதக் கணக்கு யந்திரம். நீளம் 51 அடி. உயரம் 8 அடி. எடை ஏறக்குறைய 5 டன்.

காகித நாடாவில் துளை போட்டுத்தான் அதற்குக் கட்டளை கொடுக்க வேண்டும். ஒரு துளை இடம் மாறினாலும் போதும், விடை தப்பாகிவிடும். யந்திரத்துக்குத் தப்பும் தெரியாது, சரியும் தெரியாது. சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான்.

ஒரு கட்டளைத் துண்டு சரியாக வேலை செய்தால், கிரேசும் கூட்டாளிகளும் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வார்கள். அடுத்த கணக்குக்கு அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் அல்லவா?

பூச்சி கிடைத்தது

1947-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி. மார்க் இரண்டு என்ற அடுத்த யந்திரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். யந்திரம் தகராறு செய்தது. திறந்து பார்த்தார்கள். மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு விசைக்குள் ஒரு விட்டில் பூச்சி! அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டினார்கள். நிஜமான பூச்சி கிடைத்தது இதுவே முதல் தடவை என்று பக்கத்தில் வேடிக்கையாக எழுதியும் வைத்தார்கள். அந்தப் பதிவேடு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் கண்காட்சியில் பத்திரமாக இருக்கிறது.

பூச்சியைப் பிடித்தவர் கிரேஸ் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. யந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கத்தை அவர் தொடங்கவும் இல்லை. விஞ்ஞானி எடிசன் காலத்திலேயே அந்த வழக்கம் இருந்தது. கிரேஸ் அந்தக் கதையை ஊர் ஊராகச் சொன்னார். அதனால் அது அவர் கதையாகவே ஆகிவிட்டது.

பூச்சியைக் கண்ணால் பார்த்துவிடலாம். கட்டளைக்குள் ஒளிந்திருக்கும் தப்பு கண்ணுக்குத் தெரியாதே! அதுதான் பெரும் பாடு.

தப்பு எங்கிருந்து வருகிறது?

1949-ல் கிரேஸ் பிலடெல்பியா நகரில் யூனிவாக் என்ற கம்ப்யூட்டரைத் தயாரித்த கம்பெனியில் சேர்ந்தார். அங்கேயும் பழைய கட்டளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினார்கள். படித்தவர்கள்தான், ஆனாலும் பார்த்து எழுதும்போது ஒன்று இன்னொன்றாக மாறியது. ஆங்கில எழுத்து பி, 13 ஆகிவிடும்! ஒவ்வொரு கட்டளையின் இட எண்ணோடும் புது எண்ணைக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டலிலும் பிழை வரும்.

கிரேசும் தப்பவில்லை. அங்கிருந்த ஒரு யந்திரத்துக்கு எட்டு எட்டாக எண்ணும் கணக்கு. அதில் 7-க்கு அடுத்தது 10. அதே பழக்கத்தில், தம் பாங்கிக் கணக்கையும் சில இடங்களில் அப்படியே கழித்துவிட்டார்! மாதக்கணக்கில் வரவு செலவு ஒத்துவரவில்லை. கடைசியில் பாங்கி விவகாரம் தெரிந்த சகோதரர் உட்கார்ந்து பார்த்துத்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

ஆளைக் குறை சொல்லிப் பயன் இல்லை என்று கிரேஸ் முடிவு செய்தார். பார்த்து எழுதுவதும் கூட்டுவதும் மனிதன் சலிப்போடு செய்யும் வேலை. யந்திரத்துக்குச் சலிப்பு ஏது? அந்த வேலையை அதனிடமே கொடுத்துவிட்டால்?

1952-ல் அதைச் செய்து காட்டினார். சோதித்துச் சரிபார்த்த துண்டுகளை நாடாவில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். எண்ணைச் சொன்னால் யந்திரமே துண்டை எடுக்கும், இடம் மாற்றும், ஒன்றாகக் கோத்துக் கொடுக்கும். இதற்குக் கம்பைலர் என்று பெயர். யந்திரம் கணக்குத்தான் போடும், கட்டளை எழுதாது என்று சொல்லிப் பலரும் அதைத் தொடவே மறுத்தார்கள்!

அடுத்து, எல்லோரும் படிக்கக்கூடிய ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை எழுதலாம் என்றார். கணக்கப்பிள்ளையும் படித்துப் பார்த்துத் தப்பைச் சொல்லலாமே! எந்தப் பாஷையானாலும் யந்திரத்துக்கு ஒன்றுதான் என்று காட்ட, பிரெஞ்சிலும் ஜெர்மனியிலும் கட்டளை கொடுத்துக் காட்டினார். வந்தது வினை! அமெரிக்க யந்திரத்துக்கு அன்னிய பாஷை எப்படித் தெரியும் என்று மேலதிகாரிகள் மிரண்டு போனார்கள். அவர்களைச் சமாதானப்படுத்துவதற்குள் பல மாதங்கள் ஓடிவிட்டன.

ஆனாலும் அவருடைய வழி வென்றது. 1959-ல் ஒரு குழு கூடிக் கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கியது. அதற்கு அடிப்படையாக இருந்தது கிரேஸ் முன்பே உருவாக்கிய மொழி.

மறுபடியும் அழைப்பு

1966-ம் ஆண்டு முடிவில் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஏழே மாதம். மறுபடி கூப்பிட்டார்கள். ஒவ்வொரு கம்பெனியும் கோபோலைத் தன் இஷ்டப்படி மாற்றியிருந்தது. ஒரு யந்திரத்தில் ஓடும் கட்டளை இன்னொன்றில் ஓடவில்லை. இதைச் சீர்திருத்த ஆறு மாத வேலை என்று அழைத்தார்கள். அது 19 ஆண்டுகள் நீண்டது!

கிரேசின் குழு சோதனைக் கட்டளைகளைத் தயாரித்தது. அவற்றுக்குச் சரியான விடை முன்பே தெரியும். கம்பெனியின் கம்பைலர் அந்த விடையைக் கொடுக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கொடுக்காவிட்டால் எந்த இடத்தில் தப்பு என்பது வெளிச்சமாகிவிடும். கம்பெனிகள் திருத்தித்தான் ஆகவேண்டும். பின்னர் அமெரிக்க அரசாங்க இலாகாக்களும் இந்தச் சோதனையை ஏற்றுக்கொண்டன.

1986-ல் தமது 79-வது வயதில் கிரேஸ் ஓய்வு பெற்றார். அப்போதும் சும்மா இருக்கவில்லை; ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஆலோசகராகப் போனார். 1992-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி காலமானார். அவர் பெயர் சூட்டிய போர்க்கப்பல் ஒன்று 1997-ல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது.